வளரும் பிள்ளைக்கு விட்ட துணி

இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு ஒரு கவுன் தைக்க, 36 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டர் போதும். பாவாடைப் பகுதிக்கு முழு அகலத்தில் இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 13 அங்குல உயரம். மிச்சமிருக்கும் 13 அங்குலத்தில் மேல்பாடியின் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு சின்னக் கைகள், கழுத்தைச் சுற்றிக் கட்டுவதற்குக் கிராஸ் பீஸ் எல்லாம் வந்துவிடும். வெட்டி முடித்தால் தரையில் ஒரு கைப்பிடித் துணுக்குதான் கிடக்கும். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் நம் அம்மாக்களும் ஆயாக்களும் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டதில்லை. பழைய கவுன் ஒன்றை அளவுக்கு வைத்து, தேய்ந்து மெலிந்த சோப்புத் துண்டால் கோடு இழுத்து வெட்டிவிடுவார்கள்.

அளவுக்கு வைத்த கவுனைவிடப் புதுக் கவுன் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். பக்கத் தையலில் இரண்டு புறமும் உள்ளே ஓர் அங்குலம் துணி மடிந்து கிடக்கும். அடியில் இரண்டு அங்குல மடிப்பு. அதற்கு மேல், பார்ப்பவர்களுக்கு அலங்காரம் போலத் தெரியும் ஒரு டக். பிள்ளை உயர்ந்தால் முதலில் டக்கைப் பிரிப்பார்கள், அடுத்த வருடம் அடிமடிப்பைப் பிரிப்பார்கள். உடம்பு பூசினால் பக்கத் தையலைப் பிரித்து இன்னும் வெளியே தள்ளி ஒரு தையல் போடுவார்கள்.

"ஆயா, இது தொளதொளன்னு இருக்கு."

"வளர்ற புள்ளடி நீ. பொங்கல் வரட்டும், உனக்கே சரியா உக்காரும் பாரு."

பிரித்த இடத்தில் துணியின் பழைய நிறம் ஒரு பட்டையாகத் தெரியும். வெயில் படாமல், சோப்புப் படாமல் உள்ளே கிடந்த பகுதி அது. அந்தப் பட்டையின் மேல் ஒரு லேஸ் வைத்துத் தைத்தால் கவுன் மறுபடி புதிதாகிவிடும். இரண்டு வயதில் தைத்ததை நான்கு வயதிலும் போட்ட பிள்ளைகள் லைனுக்கு லைன் இருந்தார்கள். அதற்குப் பிறகு அது தங்கச்சிக்குப் போகும். தங்கச்சிக்குப் பிறகு பிடிதுணியாக அடுப்பங்கரைக்குப் போகும்.

இது எந்த ஊரிலும் நடந்ததுதானே என்று கேட்கலாம். நடந்ததுதான். ஆனால் தங்கவயலில் ஒரு அம்மா அடுத்த வருடத்துக்காக உள்ளே துணி விட்டுத் தைத்தது எந்த வாழ்க்கைக்கு நடுவில் என்பதைப் பார்க்க வேண்டும். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி இங்கே வந்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை, 120 ஆண்டுகளில் பூமிக்குள்ளிருந்து சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போனது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் அது ஒன்று. அந்த ஆழத்தில் பாறையைத் தொட்டால் சுடும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால் மேலே வீடுகளே அதிரும். 1952இல் அப்படி ஒரு பெரிய வெடிப்பு நடந்து பலர் செத்துப்போனார்கள். வெடிப்பில் தப்பியவர்களைப் பாறைத்தூள் மெல்லக் கொன்றது. சிலிக்கோசிஸ் என்ற வார்த்தை தங்கவயலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். சங்கு ஊதியதும் கணவனை ஷிஃப்டுக்கு அனுப்பிவிட்டு, அவன் வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் கையில் ஊசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை அடுத்த வருடம் எவ்வளவு உயரம் இருக்கும் என்று துணியின் மேல் விரலால் அளந்துகொண்டிருந்தார்கள்.

இந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள், தெலுங்கர்கள். அவர்களிலும் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊரில் யார் எதை உடுத்தலாம், முழங்காலுக்கு எவ்வளவு கீழே இறங்கலாம், மேலே துணி போடலாமா கூடாதா என்பதெல்லாம் ஊர் தீர்மானித்த காலம் அது. தங்கவயலில் அப்படிச் சொல்ல எவனும் இல்லை. மூங்கில் தட்டியால் கட்டிய ஒற்றை அறை வீடு, பக்கத்து வீட்டுக்காரன் இருமினால் கேட்கும் நெருக்கம், கம்பெனியின் கெடுபிடி என்று எவ்வளவோ கஷ்டம் இருந்தது. ஆனாலும் சம்பளப் பணத்தில் தன் பிள்ளைக்குப் பூப்போட்ட சீட்டித்துணியில் பஃப் கை வைத்துக் கவுன் தைத்துப் போட்டு, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் தடுப்பதற்கு ஆள் இல்லை. உடை விஷயத்தில் தங்கவயல்காரர்களுக்கு இன்றும் இருக்கும் அக்கறையை இந்தப் பின்னணி தெரியாமல் புரிந்துகொள்ள முடியாது. இஸ்திரி போடாத சட்டையில் பிள்ளையை வெளியே அனுப்ப மாட்டார்கள்.

அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் வேர்விட்ட ஊர் இது. அவருடைய நூல்கள் அவர் காலத்துக்குப் பிறகும் அச்சாகிக் கைக்குக் கிடைத்ததில் சாம்பியன் ரீஃப் பௌத்தர்களின் பங்கு பெரியது. 1954இல் அம்பேத்கரும் இங்கே வந்தார். அதற்கு ரொம்ப முன்பே, 1927இல் மகாடில் கூடியிருந்த பெண்களிடம் அவர் பேசியது உடையைப் பற்றித்தான். பார்த்தவுடன் தாழ்ந்தவர் என்று அடையாளம் காட்டும் விதத்தில் சேலை உடுத்தாதீர்கள், அந்த விதமான நகைகளைப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாளே பெண்கள் சேலைக்கட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள் என்று அந்த வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஒரு பெண் குழந்தையின் கவுனில் ஒரு இயக்கத்தின் கனம் இருந்தது என்று நான் சொல்வது மிகை இல்லை.

கவுன் நம் உடுப்பு இல்லை. நம்முடையது பாவாடை சட்டை, பாடி பாவாடை. கவுன் வெள்ளைக்காரர் பங்களாவிலிருந்தும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்தும், கான்வென்டிலிருந்தும் லைன் வீட்டுக்குள் வந்தது. பங்களா வேலைக்குப் போன பெண்கள் அங்கே பிள்ளைகள் போட்டிருந்ததைக் கண்ணால் அளந்துகொண்டு வந்தார்கள். கான்வென்டில் படித்த பெண்கள் ஓட்டுத்தையல், கெட்டித்தையல், காஜா, எம்மிங் என்று முறையாகக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தங்கவயலில் டிசம்பர் இரவுகள் குளிரும். அதனால் கிறிஸ்துமஸ் கவுனுக்கு நீளக் கையும் உள்ளே ஃபிளானல் துணியும் உண்டு. தீபாவளிக் கவுனுக்குக் கை குட்டையாக இருக்கும். ஒரே லைனில் இரண்டு பண்டிகையும் நடந்ததால் ஒரு வீட்டு மெஷின் அக்டோபரிலிருந்து டிசம்பர் கடைசி வரை ஓய்ந்ததே இல்லை.

பிறந்த குழந்தைக்கு மட்டும் புதுத்துணி கிடையாது. பிரசவத்துக்கு முன்னால் துணி வாங்கி வைப்பதையே நம் வீடுகளில் விரும்ப மாட்டார்கள். துவைத்துத் துவைத்து நூலெல்லாம் மெலிந்துபோன வேட்டியோ பருத்திச் சேலையோ எடுத்து, நான்காக மடித்து, கழுத்துக்கு ஒரு வெட்டு, கைக்கு இரண்டு வெட்டு. தோளில் பட்டன் கிடையாது, நாடாதான். தையலின் பிசிறு வெளிப்பக்கம் வருமாறு சில கிழவிகள் தைப்பார்கள். பிசிறு குழந்தையின் தோலை உறுத்தக் கூடாது. வெளியே பார்க்க அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் எடுத்ததல்ல இந்த யோசனை. இன்றைக்கு விலை உயர்ந்த குழந்தை உடைகளில் தையலை வெளியே திருப்பி வைத்து அதையே ஒரு சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள்.

துணி எப்போதும் சுலபமாகக் கிடைத்ததில்லை. இரண்டாம் உலகப் போரின்போது 1943இல் அரசாங்கம் துணிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. விலையும் அளவும் கட்டுப்பாட்டுக்குள் போயின. அந்தக் காலத்துப் பெண்கள் 'கண்ட்ரோல் துணி' என்று சொல்லும்போது குரலில் ஒரு கசப்பு இருக்கும். முரட்டு நூல், நிறம் நிற்காது, கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்போது கவுனுக்குச் சுருக்கு குறைந்தது. 72 அங்குலச் சுற்றளவை இடுப்பில் 24 அங்குலமாகச் சுருக்கியவர்கள், ஒரே அகலத்தில் 36 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைகளின் கவுன் விரியும் அகலத்தைப் பார்த்தே நாட்டின் நிலைமையைச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 1930களின் பெரும் பொருளாதார மந்தத்தில் மாவு மூட்டைத் துணியிலேயே பிள்ளைகளுக்கு உடுப்புத் தைத்தார்கள். அது தெரிந்த மில்காரர்கள் மூட்டைகளில் பூப்போட்டு அச்சடித்து விற்றார்கள். ஏழ்மை எங்கே இருந்தாலும், அம்மாக்கள் கையில் கிடைத்த துணியைத் திருப்பிப் பார்த்துப் பிள்ளையின் தோளில் வைத்து அளந்திருக்கிறார்கள்.

மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிவனசமுத்திரத்தில் 1902இல் நீர்மின்சாரம் எடுத்தபோது அது முதலில் வந்தது தங்கவயலுக்கு. சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். அது சுரங்கத்துக்காக வந்த மின்சாரம். லைன் வீட்டுத் தையல் மெஷின் காலாலும் கையாலும் ஓடியது. முதலில் சிங்கர். பிறகு, 1930களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் செய்ய ஆரம்பித்த உஷா. அதைத் தொடங்கியவர் தன் கடைசி மகளின் பெயரை மெஷினுக்கு வைத்தார். ஒரு பெண் குழந்தையின் பெயரைத் தாங்கிய அந்த மெஷின் இந்தியா முழுவதும் பெண் குழந்தைகளுக்குக் கவுன் தைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இயந்திரங்களை அவ்வளவு எதிர்த்த காந்தியும் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். 1924இல் ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம் இயந்திரங்களைப் பற்றிக் கேள்வி கேட்டபோது, சிங்கர் மெஷினை உதாரணமாகச் சொன்னார். மனைவி கையால் தைத்துச் சலிப்பதைப் பார்த்த கணவன் அன்பினால் செய்தது அது என்பது காந்தி சொன்ன காரணம். சிங்கரின் வாழ்க்கையைப் படித்தவர்கள் அதை அப்படியே ஏற்க மாட்டார்கள். ஆனால் காந்தி பார்த்த பயன் உண்மை.  ஒரு வீட்டில் மெஷின் இருந்தால் அந்த லைன் முழுவதற்கும் அது மெஷின். துணியும் நூலும் கொண்டுவந்தால் மிதித்துக் கொடுப்பார்கள். கூலி என்று பெரிதாகக் கேட்க மாட்டார்கள். ஒரு படி அரிசியோ, பண்டிகைக்குப் பலகாரமோ வரும். என் ஆயா வீட்டு மெஷினின் மரப்பலகையில் இன்ச் டேப்புக்குப் பதிலாக ஆணியால் கீறிய கோடுகள் இருந்தன. லைனில் எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நீளம் என்பது அந்தக் கோடுகளில் இருந்தது. பிள்ளை வளர வளரக் கோடு தள்ளிப் போகும்.

மாற்றம் சுரங்கம் மூடுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. முதலில் டெரிகாட்டன் வந்தது. கிழியாது, சாயம் போகாது, இஸ்திரி குறைவு. ஆனால் பழைய தையலைப் பிரித்தால் ஊசி போன ஓட்டை மறையாது. பருத்தியில் ஒரு துவைப்பில் மூடிக்கொள்ளும் ஓட்டை, இதில் வரிசையாக நிற்கும். உள்ளே துணி விடுவது அந்த நாளிலேயே பாதி அர்த்தம் இழந்தது. அடுத்து ரெடிமேட் கடைகள் வந்தன. பிறகு பாரத் கோல்டு மைன்ஸ் தடுமாறிய வருடங்கள். 2001இல் கதவு மூடியபோது செட்டில்மென்ட் பணம், வீட்டுச் சாவி, கோர்ட்டு வழக்கு என்று குடும்பங்கள் எதை எதையோ பிடித்துக்கொண்டு நின்றன. அந்த நேரத்தில் மெஷின் இருந்த வீட்டில் பெண்கள் ஜாக்கெட் தைத்தார்கள், ஃபால்ஸ் வைத்தார்கள். பிள்ளைக் கவுன் தைக்க யாரும் கொடுக்கவில்லை. கடையில் அதைவிட மலிவாகக் கிடைத்தது.

இன்றைக்கு மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்கு முன்பே பெங்களூரு ரயில் கிளம்புகிறது. சாம்பியன், ஊரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று நின்று நின்று பங்காருப்பேட்டைக்கு வருவதற்குள் உட்கார இடம் இருக்காது. ஒரு காலத்தில் வெளியூரிலிருந்து ஆட்களை இறக்கிவிட்ட இந்தக் கிளைப்பாதை, இப்போது ஊரையே காலையில் ஏற்றிக்கொண்டு போய் இரவில் கொண்டுவந்து விடுகிறது. போக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், வர அதே தூரம். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்கள், ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நடுவில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். பெங்களூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்து லட்சக்கணக்கானவர்கள் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

அந்தத் தொழிற்சாலைகளில் தைக்கும் எத்தனையோ உடுப்புகளில் குழந்தைக் கவுனும் ஒன்று. அது தைக்கப்படும் விதத்தைக் கேட்டால் நம் ஆயாக்கள் நம்ப மாட்டார்கள். ஒரு பெண் தோள் மட்டும் இணைப்பாள். அடுத்தவள் கழுத்துக்குப் பட்டி வைப்பாள். அடுத்தவள் கை. அடுத்தவள் சுருக்கு. இன்னொருத்தி பக்கத் தையலை ஓவர்லாக்கில் ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு உண்டு, தலைக்கு மேல் போர்டில் எண் ஏறிக்கொண்டே இருக்கும். பத்து வருடம் அங்கே வேலை செய்த பெண்ணுக்குக் கை வைப்பதில் அப்படி ஒரு தேர்ச்சி. கண்ணை மூடிக்கொண்டு வைப்பாள். முழுக் கவுன் ஒன்றை வெட்டித் தைக்கச் சொன்னால் தயங்குவாள். திறமை இல்லாததால் அல்ல. துணியை விரித்துக் குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தி வெட்டும் அந்த முதல் வேலையை அவளிடம் யாரும் எப்போதும் கொடுத்ததில்லை.

உள்ளே துணி விடுவது அங்கே நடக்காத காரியம். துணியை அடுக்கடுக்காக விரித்து, எந்தத் துண்டு எந்தத் துண்டுக்குள் பொருந்தினால் மிச்சம் குறையும் என்று கம்ப்யூட்டரில் அடுக்கி வெட்டுகிறார்கள். பக்கத் தையலுக்கு அரை அங்குலத்துக்கும் குறைவு. லட்சம் கவுனுக்கு ஓர் அங்குலம் என்றால் எத்தனை ஆயிரம் மீட்டர் என்று கணக்குப் பார்ப்பார்கள். அவர்கள் பக்கத்தில் அது நியாயமான கணக்கு. அந்தக் கவுனைப் போட்ட பிள்ளை எட்டு மாதத்தில் அதைத் தாண்டி வளர்ந்துவிடும், அடுத்தது வாங்க வேண்டும்.

ஆனாலும் தொழிற்சாலைக் கவுனில் சில விஷயங்கள் நாம் வீட்டில் யோசிக்காதவை. கழுத்தில் நாடா வைத்துக் கட்டுவதை நாம் காலங்காலமாகச் செய்தோம். அமெரிக்காவில் குழந்தைகளின் மேலுடையில் தொங்கிய நாடா விளையாட்டுச் சறுக்கிலும் பஸ் கதவிலும் மாட்டிக் குழந்தைகள் இறந்ததைப் பார்த்து, 1990களில் கழுத்திலும் தலைமூடியிலும் நாடா வைப்பதற்கு எதிராக வழிகாட்டுதல் கொண்டுவந்தார்கள். ஐரோப்பாவிலும் அதற்கென்று தரக்கட்டுப்பாடு உண்டு. ஊசி விஷயம் இன்னும் கடுமை. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டு எல்லாம் கிடைத்து ஒட்டிப் பார்த்த பிறகுதான் புது ஊசி தருவார்கள். தைத்து முடித்த உடுப்பு உலோகம் கண்டுபிடிக்கும் மெஷின் வழியாகப் போய்த்தான் பெட்டிக்குள் போகும். நம் வீட்டில் ஊசி உடைந்தால் காந்தத்தைத் தரையில் இழுத்துத் தேடுவோம். கிடைக்காவிட்டால் பாயை உதறிவிட்டுப் படுத்துக்கொள்வோம். வீட்டில் தைக்கிறவர்கள் இந்த இரண்டையும் தொழிற்சாலையிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கழுத்து நாடாவை விட்டுவிட்டுத் தோளில் பட்டன் வைக்கலாம். பட்டனைக் குழந்தை பிடித்து இழுத்தால் கையோடு வராதபடி நூலை நாலைந்து முறை ஓட்டி, அடியில் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். வாய்க்குள் போகும் பட்டன்தான் சின்னப் பிள்ளைகளின் உடுப்பில் பெரிய ஆபத்து.

கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைக்கு என்ன போடுகிறார்கள்? கடையில் வாங்கியதுதான். நூறு கிலோமீட்டர் போய்வந்து, சோறாக்கி, மறுநாளுக்கு டிபன் எடுத்து வைத்துவிட்டு யார் உட்கார்ந்து தைப்பது? அந்த நாளில் மட்டும் என்ன, மண்ணெண்ணெய் விளக்கில் கண்ணை அவித்துக்கொண்டு தைத்தவர்கள்தான் நம் ஆயாக்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. அந்தக் கஷ்டத்தைத் திரும்பிப் பார்த்து ஏங்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண் குழந்தைக்கு ஐந்து கவுன் இருப்பது நல்ல விஷயம். தேய்ந்துபோன ஒரே கவுனைத் துவைத்துக் காயவைத்து, காயும்வரை பாவாடையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளும் அந்த லைன்களில் இருந்தார்கள்.

ஆனால் கையிலிருந்த ஒன்று போயிருக்கிறது: முழு உடுப்பு ஒன்றை வெட்டித் தைக்கும் தொழில். அது ஏன் முக்கியம் என்பதை ஒரு போராட்டத்தை வைத்துச் சொல்லலாம். 2016 ஏப்ரலில் பெங்களூரு ஓசூர் சாலையில் பல்லாயிரம் கார்மென்ட்ஸ் பெண்கள் இறங்கி நின்றார்கள். பி.எஃப். பணத்தில் முதலாளி போட்ட பங்கை 58 வயதுக்கு முன்னால் எடுக்க முடியாது என்று வந்த புது விதியை எதிர்த்து நடந்த போராட்டம் அது. எந்தப் பெரிய சங்கமும் கூப்பிடாமல் அவர்களாகவே வந்தார்கள், இரண்டு நாளில் மத்திய அரசாங்கம் விதியைத் திரும்பப் பெற்றது. அவர்கள் கேட்டது அவர்கள் சம்பளத்தில் சேர்ந்த பணத்தை. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம், வீட்டுக்கு முன்பணம், பிரசவச் செலவு எல்லாம் அந்தப் பணத்தில்தான் நடக்கிறது. 58 வயது வரை அந்த மெஷின் முன்னால் உட்கார முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். முதுகும் கண்ணும் அவ்வளவு நாள் தாங்காது. நாற்பதைத் தாண்டுவதற்குள் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பும் பெண்ணின் கையில் என்ன தொழில் இருக்கிறது? கை வைக்கத் தெரியும். அல்லது காலர் வைக்கத் தெரியும்.

தங்கவயலில் இப்போதும் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாசலில் ஒரு போர்டு, உள்ளே மோட்டார் வைத்த பழைய மெஷின், சுவரில் தொங்கும் ஜாக்கெட்டுகள். இளம் பெண்கள் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்து, செய்தித்தாளில் வெட்டிப் பழகுகிறார்கள். அம்மாவின் பட்டுச்சேலையில் மகளுக்குக் கவுன் தைத்து இருவரும் ஒரே மாதிரி போட்டுக்கொள்வது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. அதற்கு நல்ல கூலி கொடுக்கிறார்கள். கிழிந்த சேலையில் பிள்ளைக்குத் தைத்தது ஒரு காலம், கட்டாத சேலையை வெட்டித் தைப்பது இந்தக் காலம். முறையாகத் தையல் படிக்கிறவர்களுக்கு முதல் பாடம் இன்றைக்கும் ஜப்லா, அடுத்தது குழந்தைக் கவுன். ஜாக்கெட்டில் தப்பு செய்தால் துணி போகும். கவுனில் தப்பு செய்தால் இன்னொரு சுருக்கு பிடித்துச் சமாளித்துவிடலாம். கழுத்து, கைக்குழி, சுருக்கு, திறப்பு, அடிமடிப்பு என்று பெரிய உடுப்பில் உள்ள எல்லாமே அந்தச் சின்ன உடுப்பில் இருக்கிறது. கார்மென்ட்ஸில் பத்து வருடம் இருந்த பெண்ணுக்கு இந்தப் பாடம் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அவளுக்குக் குறைவது வெட்டுவது மட்டும்தான். அதையும் அளவு பார்த்து வெட்டத் தெரிந்த வயதான பெண்கள் இன்னும் லைன்களில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இன்னும் சில வருடங்கள்தான் இருக்கின்றன.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவசச் சீருடையை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களில் இருக்கும் பெண்கள் தைக்கிறார்கள். விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், வருமானம் குறைந்த பெண்கள் ஆகியோருக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மெஷின் கொடுக்கும் திட்டமும் உண்டு. அதில் குறைகள் இருக்கலாம், கூலி போதாது என்ற குரலும் நியாயமானது. ஆனாலும் ஒரு பெண் தன் ஊரிலேயே உட்கார்ந்து, தன் ஊர்ப் பிள்ளைக்கு முழு உடுப்பைத் தைத்துக் கூலி வாங்க முடிகிறது.

கர்நாடகமும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுக்கிறது. தங்கவயலின் பள்ளிகளுக்கு வரும் அந்தச் சீருடையைத் தங்கவயல் பெண்களே தைக்கட்டும் என்று கேட்பதில் என்ன தடை இருக்க முடியும்? பூட்டிக் கிடக்கும் கம்பெனிக் கட்டடங்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. வேலையை விட்டு வந்த தேர்ந்த கைகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. பிள்ளைகளும் அங்கேயேதான் இருக்கிறார்கள்; பள்ளி வாசலில் நிறுத்தி ஒவ்வொருவரையும் அளந்துகொள்ளலாம். சங்கம் ஒன்று பதிவு செய்து, முதலில் ஒரே ஒரு பள்ளியின் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கினால் போதும். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது பக்கத் தையலில் எவ்வளவு விட வேண்டும் என்பதை டெண்டர் எழுதும் அதிகாரி தீர்மானிக்க வேண்டியதில்லை, தைக்கும் பெண்ணிடம் விட்டுவிடலாம்.